ஐரோப்பாவின் பற்றாக்குறையும் மார்சிலிங் மீன்குழம்பும்

ஐரோப்பிய நாடுகள் தங்கள் கஜானாவை எப்படிச் சீர்செய்தன என்று கற்றுக்கொண்டு வர என்னைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும், "ஐரோப்பாவுக்கே அனுப்பினா பற்றாக்குறை இன்னும் கூடிடும்ல" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் இன்னொரு சட்டையை மடித்து வைத்தாள்.

நான் ஓர் அரசு அலுவலகத்தின் நிதிப் பிரிவில் இருக்கிறேன். எந்த அலுவலகம், எந்த மாடி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் விளக்கம் கேட்டு மெமோ வரும். மற்ற துறைகள் பணம் கேட்டு அனுப்புகிற கோப்புகளில் 'தற்போதைய நிதிநிலை இடந்தரவில்லை' என்று எழுதுவது என் வேலை. பல வருடங்களாக எழுதி எழுதி அந்த மூன்று சொற்களும் கண்ணை மூடிக்கொண்டாலும் கை தானாக எழுதும் நிலைக்கு வந்துவிட்டன.

பயிற்சிக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஊருக்கேற்ற சிக்கனத் திட்டம் ஒன்றை எழுதிக்கொண்டு வந்து கடைசி நாளில் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. நான் எட்டுப் பக்கம் எழுதியிருந்தேன். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் நெடுநாளாகக் காலியாகக் கிடக்கும் செவிலியர் பணியிடங்களை இனி நிரப்பவே வேண்டாம், அவற்றை மொத்தமாக ரத்து செய்துவிடலாம் என்பது அதன் சாரம். ஊர் திரும்பியதும் அதையே மேலிடத்துக்கு அனுப்புவதாகவும் இருந்தது. இருக்கிற யாரையும் வேலையை விட்டு எடுக்கவில்லையே! அதனால் எனக்கு அந்தக் குறிப்பின் மேல் ஒரு பெருமைகூட இருந்தது.

தங்க இடம் கொடுத்திருந்தது ஜாலான் புசாரில். கீழே கடை, மேலே வீடு என்று ஒட்டிக்கொண்டு நிற்கும் பழைய கட்டடங்கள். கடைகளில் பாதி இரும்புச் சாமான் கடைகள். போல்ட், நட்டு, சங்கிலி, தகரம் எல்லாம் நடைபாதை வரை வந்து உட்கார்ந்திருந்தன. சிங்கப்பூர் என்றால் கண்ணாடிக் கட்டடம் என்று நினைத்துப் போனவனுக்கு, ஜன்னலைத் திறந்ததும் துருவும் எண்ணெயும் கலந்த வாசனை வந்தது. உண்மையைச் சொன்னால் நிம்மதியாக இருந்தது.

முதல் நாள் காலையில் பக்கத்தில் இருந்த தேக்கா சந்தைக்கு நடந்துபோய் ஒரு கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் தமிழர். "பரோட்டா முட்டையா, கொசோங்கா?" என்றார். கொசோங் என்பது ஏதோ காய்கறி என்று நினைத்துத் தலையாட்டினேன். வெறும் பரோட்டா வந்தது. "உள்ள ஒண்ணும் இல்லையே?" என்றேன். "அதான் லா கொசோங். ஒண்ணும் இல்ல, காலி" என்று அந்த ஊர் வழக்கான 'லா' போட்டுச் சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி மீன்சாறு ஊற்றினார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். "மொத தடவ வந்திருக்கீங்க, போங்கண்ணே" என்றார்.

வகுப்பில் இருபது பேர் இருந்தோம். பல நாட்டு நிதித்துறைக்காரர்கள். எல்லார் முகத்திலும் என் முகத்தில் உள்ள அதே களைப்பு. பாடம் நடத்த வந்தவர் தெரேசா. போர்த்துகல்காரர். என் வயதுதான் இருக்கும். அந்த நாட்டு நிதி அமைச்சகத்தில் வேலை பார்த்து முன்கூட்டியே ஓய்வு பெற்றவர். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். அவர் பேசியது ஆங்கிலத்தில். நான் தருவது என் தமிழில்.

"ஒரு வீட்டுக்குக் கடன் கொடுப்பவர்கள் ஒருநாள் காலையில் ஒரே நேரத்தில் கையை விரித்தால் எப்படி இருக்கும்? எங்கள் நாட்டுக்கு அது நடந்தது" என்று ஆரம்பித்தார். ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருக்கின்றன. ஆண்டுப் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டக்கூடாது, கடன் அறுபதைத் தாண்டக்கூடாது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், பலர் தாண்டினார்கள். தாண்டியதன் விலையை நெருக்கடி வந்தபோது கொடுத்தார்கள். வெளியிலிருந்து கடன் வாங்கித்தான் போர்த்துகல் மூச்சு விட்டது. பதிலுக்குச் சம்பளம் குறைந்தது, வரி ஏறியது, வருடாந்தர போனஸ் நின்றது. பிறகு சில வருடங்களில் அதே நாடு உபரி காட்டியது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமையும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. அந்த வேறொன்று என்னவென்று எனக்கு அன்று பிடிபடவில்லை.

மாலையில் அவரே வந்து, "மிஸ்டர் சபாபதி, இங்கே நல்ல தோசை எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார். நானும் அந்த ஊருக்குப் புதிது என்று சொல்ல வாய் வரவில்லை. தமிழன் என்ற ஒரே தகுதியில் வழிகாட்டியாகி, லிட்டில் இந்தியாவில் கூட்டம் அதிகம் தெரிந்த கடைக்குள் நுழைந்தேன். தோசை நன்றாகவே இருந்தது. நல்லவேளை.

தோசையைக் கையால் பிய்த்துக்கொண்டே என் குறிப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். சட்னியில் வைத்த விரல் அப்படியே நின்றது.

"ஆளெடுக்காமல் விடுவது எங்களுக்கும் ரொம்பப் பிடித்த வழி. யாரும் ஊர்வலம் போகமாட்டார்கள். வராத ஆளுக்காக யார் கொடி பிடிப்பது?" என்றார்.

"அப்புறம்?"

"ஆஸ்பத்திரியில் நோயாளி குறையவில்லை. அதனால் மணிக்கணக்குக்கு வெளியாட்களைக் கூப்பிட்டார்கள். சம்பளக் கணக்கு இளைத்தது, வெளிச்சேவைக் கணக்கு ஊதியது. இரண்டையும் ஒரே ஆள் பார்க்காததால் நாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்தோம். என் தம்பி நர்ஸ். அவன் அந்த வருடம்தான் லண்டன் போனான். இன்னும் அங்கேதான் இருக்கிறான்."

"அப்படியானால் பற்றாக்குறையைக் குறைத்ததே தப்பு என்கிறீர்களா?"

"அப்படி ஒருநாளும் சொல்லமாட்டேன்." முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. "கடன்காரன் வாசலில் நிற்கும்போது பட்ஜெட் போட்டவள் நான். அந்த நிலை என் எதிரிக்கும் வரக்கூடாது. ஆனால் எதை வெட்டினேன், ஏன் வெட்டினேன் என்று கேட்டால், வெட்டச் சுலபமாக இருந்ததை வெட்டினேன் என்பதுதான் பதில். அதுதான் தப்பு."

அன்று அவர் சொன்னதை நான் சரியாக உள்வாங்கவில்லை. அவர் ஊர் வேறு, என் ஊர் வேறு என்று நினைத்தபடி காபிக்குச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். எங்களை வகுப்புக்கு ஏற்றிப்போக ஒரு வெள்ளைப் பேருந்து வரும். வந்தது. ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் கிரேன்கள், கப்பல் கூடு, கடல் வாசனை. சுற்றிலும் நீலச் சட்டை போட்டவர்கள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அது ஜூரோங்கில் இருக்கும் ஒரு கப்பல் பட்டறையின் கம்பெனி பஸ்.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். அறுபது வயதிருக்கும். டை கட்டியிருந்த என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க வெல்டிங்கா, பெயின்டிங்கா?" என்றார். பேருந்தே சிரித்தது. என் நிலையைச் சொன்னேன். "வாசல்ல பாஸ் கேட்பான். எறங்காதீங்க. இவங்கள விட்டுட்டு உங்கள ஸ்டேஷன்ல விடுறேன். பதறாதீங்க லா" என்றார்.

அவர் பெயர் ராமையா. அங்கேயே பிறந்தவர். திரும்பும் வழியில் என்னை முன் இருக்கைக்கு அழைத்துக்கொண்டு என்ன கோர்ஸ் என்று விசாரித்தார்.

"ஐரோப்பாவுல அரசாங்கங்கள் வரவுக்கு மேல செலவு பண்ணாம எப்படிப் பழகினாங்கன்னு சொல்லித் தர்றாங்க."

"இத கத்துக்க இவ்வளவு தூரமா? எங்க அரசாங்கத்த கேட்டா சொல்லுமே. எடுத்து வெக்கிறதுல கில்லாடி. நாங்கதான் 'இன்னும் கொஞ்சம் அவுத்து விடுங்க லா'ன்னு கேக்குறது. வரி ஏத்துனா திட்டுவோம். அப்புறம் அரசாங்கமே போன்ல வவுச்சர் அனுப்பும், வாங்கிட்டுப் போய் கோழி வாங்குவோம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ஒண்ணுண்ணே, கொரோனா சமயத்துல எடுத்து வெச்சது உதவுச்சு. எனக்கு அப்ப வேல நிக்கல. அத மறக்கக்கூடாது" என்றார்.

எங்கள் ஊரில் யாராவது அரசாங்கத்தைப் பற்றி இப்படித் திட்டும் நன்றியும் ஒரே மூச்சில் சொல்லி நான் கேட்டதில்லை. ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு, எந்தப் பக்கம் போகும் ரயில் என்று விரல் நீட்டிக் காட்டி, நான் படியேறும் வரை பேருந்தை எடுக்காமல் நின்றார். வகுப்புக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன். தெரேசா காரணம் கேட்டார். சொன்னதும் மொத்த வகுப்பும் கைதட்டியது.

சனிக்கிழமை விடுமுறை. பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. ஜாலான் புசாரின் நடைபாதைக்கு மேலே கூரை உண்டு, ஆனால் கடைக்குக் கடை தரை ஏறி இறங்கும். ஈர டைல்ஸில் செருப்பு வழுக்கியது. விழாமல் இருக்கக் கைக்கு எட்டியதைப் பிடித்தேன். எட்டியது ஓர் இரும்புக் கடை வாசலில் சாய்த்து வைத்திருந்த தகரத்தின் விளிம்பு.

வலது உள்ளங்கை பிளந்துகொண்டது. ரத்தத்தைப் பார்த்து எனக்குக் காது அடைத்தது. கடைக்காரச் சீனர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் தமிழில் ஒரு குரல்.

"கையத் தூக்குங்க சார். இன்னும் மேல. நெஞ்சுக்கு மேல இருக்கணும். ம், அப்படியே."

நாற்பதை ஒட்டிய வயதுப் பெண். கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பை. அதைக் கீழே வைத்துவிட்டு, அப்போதுதான் வாங்கிய புதுத் துண்டைப் பிரித்து என் கையைச் சுற்றி அழுத்திப் பிடித்தார். "விரல அசைங்க. ஒவ்வொண்ணா. நல்லது. நரம்பு தப்பிச்சுது." ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் குடையைப் பிடித்து, இரண்டு தெரு தள்ளி இருந்த கிளினிக்குக்கு நடத்திக்கொண்டு போனார். டாக்டர் ஆறு தையல் போட்டார். அத்தனை நேரமும் அந்தப் பெண் போகவில்லை. முருங்கைக்காய்ப் பையோடு வெளியே உட்கார்ந்திருந்தார்.

பெயர் செல்வராணி. எங்கள் மாநிலத்துக்காரர். இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அன்றைக்கு ஓய்வு நாள் என்பதால் சாமான் வாங்க வந்தவர். துண்டுக்குப் பணம் கொடுக்கப் போனேன். "சும்மா இருங்க சார், துண்டு பெருசா?" என்றார். அருகில் ஒரு கடையில் எனக்கு டீயும், இடது கையால் சாப்பிட வசதியாக ஒரு பன்னும் வாங்கி வைத்தார்.

"ஊர்ல என்ன வேல சார்?"

"நிதிப் பிரிவு."

"ஓ! 'நிதி இல்ல'ன்னு எழுதுறவங்க நீங்கதானா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். "எனக்கு உங்க ஆபீஸ் நல்லாத் தெரியும் சார். கவர்ன்மென்ட் செலக்‌ஷன் லிஸ்ட்ல என் பேரு இருந்துச்சு. ஆர்டர் மட்டும் வரல. ரெண்டு வருஷம் தினமும் போஸ்ட்மேனைப் பாத்துட்டு நின்னேன். நிதியில தடை போட்டுட்டாங்கன்னு சொன்னாங்க. அப்புறம்தான் இங்க வந்தேன்."

எந்த வருடம் என்று கேட்டேன். சொன்னார். டீக் குவளையைக் கீழே வைத்துவிட்டேன். இடது கை பழக்கமில்லாததால் வைத்துவிட்டதாக அவர் நினைத்திருப்பார்.

அந்த வருடத்துக் கோப்பு எனக்கு நினைவிருந்தது. 'பொருள்: செவிலியர் பணியிடங்கள் – நிரப்புதல் – ஒத்திவைத்தல் – தொடர்பாக.' வரைவு எழுதியது நான். அது எனக்குப் பாராட்டு வாங்கிக் கொடுத்த கோப்பு.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கையைக் கட்டிவிட்டவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவரோ, நாளைக்குக் கட்டு மாற்றவேண்டும், மார்சிலிங்கில் வீடு, மதியம் சாப்பாட்டுக்கு வந்துவிடுங்கள் என்று முகவரி எழுதிக் கொடுத்தார். பயிற்சியைப் பற்றிப் பேசும்போது தெரேசா ஞாயிறு பூசைக்கு மாதா கோயில் தேடுகிறார் என்று சொல்லியிருந்தேன். "அவங்களையும் கூட்டிட்டு வாங்க. காலையில எங்க கோயில்லயே பூசை பாத்துட்டு வரலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் தெரேசாவும் வடக்கே ரயிலேறினோம். பூசை முடிந்து செல்வராணியோடு அவர் வீட்டுக்குப் போனோம். ஒன்பதாவது மாடி வீடு. வீட்டு வாசல்களை ஒட்டிய பொது நடைபாதை முழுக்கத் தொட்டிச் செடிகள். செல்வராணியின் வீட்டு வாசலில் கறிவேப்பிலை ஓர் ஆள் உயரம். கணவர் ஜூரோங்கில் பட்டறை வேலை, அன்று ஓவர்டைம் போயிருந்தார். மேசையில் சோறு, மீன்குழம்பு, முருங்கைக்காய்க் கூட்டு, அப்பளம். எனக்கு மட்டும் கரண்டி.

தெரேசா முதல் வாய் வைத்ததும் கண்ணில் நீர் கொட்டியது. தண்ணீர் குடித்துவிட்டு, "மிளகாயைக் கப்பலில் ஏற்றி உங்கள் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் எங்கள் ஆட்கள். இப்படித் திருப்பிக் கொடுப்பீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது" என்றார். செல்வராணிக்கு ஆங்கிலம் நன்றாக வரும். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தெரேசா மூன்றுமுறை குழம்பு வாங்கிக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்ததும் செல்வராணி பஞ்சும் மருந்தும் எடுத்து வந்து என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பழைய கட்டைத் தண்ணீர் விட்டு நனைத்து மெதுவாக உரித்தார். வலிக்கவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மா, அந்தக் கோப்பு நான் எழுதினது."

"எந்தக் கோப்பு சார்?"

"உங்க ஆர்டர் வராமப் போன கோப்பு. கையெழுத்து மேல இருக்கிறவர் போட்டார். எழுதினது நான்."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. காயத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"என்னன்னு எழுதினீங்க?"

எனக்கு வரி மறக்கவில்லை. "'இதனால் பொதுமக்களுக்கான சேவை பாதிக்கப்படாது'ன்னு."

"அதுக்கு முன்னாடி எங்கயாவது போய்ப் பாத்தீங்களா சார்?"

"இல்லம்மா."

அவர் மறுபடி வேலையைத் தொடங்கினார். மருந்து தடவினார், புதுப் பஞ்சு வைத்தார். கட்டின் நுனியைக் கத்தரித்த பிறகுதான் பேசினார். "எனக்குக் கெடுதல் ஒண்ணும் இல்ல சார். நெசமாச் சொல்றேன். வீடு இருக்கு, பொண்ணு படிக்கிறா, தம்பியப் படிக்க வெச்சேன். அந்த ஆர்டர் வந்திருந்தா இதெல்லாம் இல்ல. நான் உங்களுக்கு நன்றிகூடச் சொல்லலாம். நீங்க கேக்க வேண்டியது என்னை இல்ல. நான் போகாத ஊர்ல வலி வந்து கெடந்தவங்களக் கேக்கணும்."

அவர் ஒப்பந்தத்தில் கொஞ்சநாள் வேலை பார்த்த சுகாதார நிலையத்தில் மூன்று நர்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர்தான் இருந்தாராம். அந்த ஒருவர் சாப்பிடப் போனால் பிரசவ அறையைப் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டுமாம்.

நாங்கள் தமிழில் பேசியது தெரேசாவுக்குப் புரியவில்லை. ஆனால் ஏதோ நடந்துவிட்டது என்று முகங்களிலிருந்து தெரிந்திருக்கும். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து மேசையில் வைத்தார்.

"உங்களால் தட்டச்சு செய்ய முடியாது. சொல்லுங்கள், நான் அடிக்கிறேன்."

அந்தப் பிற்பகல் முழுக்க மார்சிலிங் சாப்பாட்டு மேசையில் குறிப்பை மாற்றி எழுதினோம். எந்த இடத்தில் ஆள் இல்லாவிட்டால் உயிர் போகும், எந்த இடத்தில் வேலை தள்ளிப்போகும், எந்த இடத்தில் ஒன்றும் ஆகாது என்று செல்வராணி பிரித்துச் சொன்னார். வேலையில் ஊறியவருக்கு அதற்குப் புள்ளிவிவரம் தேவைப்படவில்லை. பிரசவ அறையும் அவசரச் சிகிச்சையும் உள்ள இடங்கள் முதலில் நிரம்ப வேண்டும். வேலையே இல்லாத பழைய பிரிவுகளில் பெயருக்குக் கிடக்கும் பணியிடங்களைத் தாராளமாக எடுத்துவிடலாம் என்று அவரே சொன்னார். "அதுல என்ன சார் தப்பு? வேண்டாததை எடுங்க."

நான் உற்சாகத்தில், இத்தனை பணியிடங்களை உடனே நிரப்பலாம் என்று முடிக்கப் போனேன். தெரேசா விரலை எடுத்துவிட்டார்.

"பணம் எங்கிருந்து?"

"அது..."

"அதை எழுதாவிட்டால் இது கருணை மனு. கருத்துரு அல்ல. உங்கள் மேலதிகாரி ஒரே வரியில் தள்ளிவிடுவார். தள்ளுவதும் சரி."

பிறகு ஐரோப்பாவில் இப்போது மாறியிருக்கும் முறையைச் சொன்னார். வகுப்பில் சொன்னதுதான், அங்கே மண்டையில் ஏறவில்லை, இங்கே ஏறியது. ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் வெட்டி எறி என்று இப்போது கேட்பதில்லை. வரும் நான்கு வருடங்களுக்குச் செலவு எந்த அளவுக்கு மேல் வளராது என்று ஒவ்வொரு நாடும் தானே ஒரு பாதை போட்டுக் கொடுக்க வேண்டும். வளர்ச்சிக்கான முதலீட்டையும் சீர்திருத்தத்தையும் உறுதியாகச் செய்வேன் என்று காட்டினால் ஏழு வருடம் வரை நீட்டிக்கலாம். பாதையை விட்டு விலகினால் கேள்வி வரும். "மெதுவாகப் போகலாம். ஆனால் எங்கே போகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்."

ஆகவே நாங்களும் நான்கு வருடப் பாதை போட்டோம். சொந்தக் கட்டடம் பூட்டிக் கிடக்க வாடகைக்கு எடுத்த அலுவலகங்கள், ஓடாமல் நிற்கும் வாடகைக் கார்கள், ஒரே அறிக்கையை இரண்டு துறைகள் அச்சடிப்பது என்று எனக்குத் தெரிந்த ஓட்டைகளையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். இத்தனை வருடம் கையிலேயே இருந்தவை. இவற்றைத் தொட்டால் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நான் தொட்டதில்லை. கடைசியில் ஒன்று மிச்சமிருந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னேன். 'அதிகாரிகளின் வெளிநாட்டுப் பயிற்சிகளை நிறுத்திவைக்கலாம்.'

தெரேசா அடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "என் பிழைப்பில் கைவைக்கிறீர்கள்" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். செல்வராணி சுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தார்.

கடைசி நாளான திங்கட்கிழமை, வகுப்பில் கட்டுப் போட்ட கையோடு படித்தேன். பழைய குறிப்பில் என்ன எழுதியிருந்தேன், அதை ஏன் மாற்றினேன் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அலுவலகத்தில் ஒருநாளும் செய்யாத காரியம். முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. பக்கத்து நாட்டுக்காரர் ஒருவர் தன் தாள்களை எடுத்துச் சில வரிகளைப் பேனாவால் அடித்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பி ஒரு வாரத்தில் மேலதிகாரி அம்மா அழைத்தார். குறிப்பை முழுக்கப் படித்திருந்தார். ஓரங்களில் பென்சில் கோடுகள்.

"கடைசி வரிய நீங்களேதான் எழுதினீங்களா?"

"ஆமாம்மா."

"அடுத்த வருஷம் ஜெர்மனிக்கு உங்க பேரைத்தான் போட்டு வெச்சிருந்தேன்." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பரவாயில்ல. நல்லா இருக்கு. அனுப்புறேன்."

நாங்கள் கேட்டது அத்தனையும் கிடைக்கவில்லை. வாடகைக் கட்டடங்களைக் காலி செய்ய ஒரு துறை சம்மதித்தது, இன்னொன்று இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டுப் பயிற்சி நின்றது, முதல் ஆளாக என்னுடையது. செவிலியர் பணியிடங்களில் பிரசவ அறை உள்ள இடங்களை மட்டும் நிரப்ப ஆணை வந்தது. முழுதும் அல்ல. ஆனால் வந்தது.

ஆணை வந்த அன்று செல்வராணிக்குச் செய்தி அனுப்பினேன். ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்திருப்பார். உடனே பதில் வந்தது.

"சந்தோஷம் சார். எந்தெந்த ஊரு?"

ஆணையின் இணைப்பில் இருந்த ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டி அனுப்பினேன். உள்ளங்கைத் தழும்பு இழுத்தது, நிறுத்தவில்லை. அந்த ஊர்களில் ஒன்றுக்குக்கூட நான் போனதில்லை என்பது தட்டும்போதுதான் உறைத்தது. அவருக்குப் பாதி ஊர்கள் தெரிந்திருந்தன. ஒன்பதாவது பெயருக்கு நேராக ஒரு பதில் வந்தது.

"இந்த ஊருக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல பஸ் கெடயாது சார். போற பொண்ணுக்கு ஒரு ஸ்கூட்டரும் சேத்துக் குடுங்க."

'தற்போதைய நிதிநிலை' என்று கை தானாக ஆரம்பித்தது. அழித்துவிட்டேன். நாளைக் காலை அந்த ஊருக்குக் கிளம்புகிறேன், ஐந்து மணிக்கு மேல் எப்படித் திரும்புகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து ஸ்கூட்டருக்குக் குறிப்பு எழுத.